பதினோராவது கேள்வி

அத்தியாயம் 14

போன வாரம் மாதவராஜ் கேட்டுவிட்டுப் போன கேள்வி சவுரியப்பன் வீட்டில் இன்னும் யாருக்கும் செரிக்கவில்லை.

"எங்க சபையில பாஸ்டர் சரின்னுட்டாருங்க. உங்க பொண்ணக் கட்டுன அந்தாளு ஓசூர்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். கோர்ட்டும் பிரிச்சு வுட்டுடுச்சு. இந்த மாதிரி ஆனா மறுபடி கட்டிக்கலாம்னு வேதத்துலயே இடம் இருக்குதுன்றாரு. அடுத்த மாசமே வெச்சிக்கலாம். நீங்க என்னா சொல்றீங்க?"

மாதவராஜ் மாரண்டஹள்ளியில் தக்காளி நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. மனதில் பட்டதை நேராகக் கேட்கிற மனிதர். அவருக்கு அன்று பதில் சொன்னது சவுரியப்பன் இல்லை, அவர் கட்டிக்கொள்ளக் கேட்ட மகள் சோபனாதான்.

"எனக்கு நன்மை வேணுங்க. எங்க கோயில்ல, முன்னாடி மாதிரியே வரிசையில போயி வாங்கணும்."

பூசையில் நற்கருணை வாங்குவதைத்தான் அந்த வீட்டில் நன்மை என்பார்கள். கோர்ட் கொடுத்த விவாகரத்து கத்தோலிக்கக் கோயிலுக்குக் கணக்கில்லை. முதல் புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவரைக் கட்டினால் பூசைக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், பூ வைக்கலாம். நன்மை மட்டும் கிடையாது. ஒரே ஒரு வழி உண்டு. அந்த முதல் கல்யாணம் கல்யாணமே இல்லை, தொடக்கத்திலேயே செல்லாதது என்று தர்மபுரி ஆயர் இல்லத்துத் திருமண நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

சோபனா மனு போட்டு ஒன்பது மாதம். இன்றைக்குச் சாட்சி விசாரணை. சாட்சி சொல்ல அழைப்பு வந்திருப்பது அவள் அம்மா பெரியநாயகத்துக்கு. அப்பாவின் பெயர் அதில் இல்லை.

நாற்பது வருடமாக அந்தோணியார் கொட்டாய் கோயிலில் உபதேசியாராக இருப்பவர் சவுரியப்பன். பூசைக்கு முன்னால் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, ஓலை என்கிற கல்யாண அறிவிப்புகளை மூன்று ஞாயிறும் மைக்கில் வாசிப்பது எல்லாம் அவர்தான். அவருக்குத் தெரியாமல் அந்தக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்திகூட எரியாது என்று பங்குச்சாமியே கேலி செய்வார். அடுத்த மாதத் திருவிழாவில் ஆயர் கையால் அவருக்குப் பொன்னாடை. பேனருக்குப் போட்டோ கேட்டு பங்குச்சாமி இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு, எழுதப் படிக்கத் தடுமாறும் பெரியநாயகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊர் எதையும் நினைக்கவில்லை. ஊருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் சவுரியப்பன் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் தொணைக்குத்தான் வரன்" என்றார், வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே. "உள்ள வரமாட்டன்."

"உங்கள உள்ள கூப்புடலியே" என்றாள் பெரியநாயகம்.

சோபனா சிரித்துவிட்டாள். முப்பத்தைந்து வயது. பாலக்கோட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதால் சவுரியப்பன் அதைப் பொறுத்துக்கொண்டார்.

மாரண்டஹள்ளியில் ஏறிய பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. அம்மாவும் மகளும் ஒரு சீட்டில், அவர் பின் சீட்டில். பஸ் நகர்கிற சமயத்தில் பூக்கூடையோடு அமுதவல்லி ஏறினாள். வேறு இடம் இல்லை. சவுரியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கும்புடறங்க உபதேசியாரே. குடும்பத்தோட எங்க பயணம்?"

"ஆயர் இல்லம் வரைக்கும்."

"சோபனா விசயங்களா? நல்லபடியா முடியட்டும்." கூடையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். "பொண்ணு முன்னாடி பெஞ்சிலியே உக்காரட்டும்ங்க. கடைசி பெஞ்சி நல்லா இருக்காது."

அவள் குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் சவுரியப்பனுக்கு அது அதிகமாகக் குத்தியது. முதல் புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போன பிறகு அமுதவல்லி ரிஜிஸ்டர் ஆபீஸில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரமே அவள் வீட்டு வாசலில் போய் நின்று, இனி நன்மை வரிசையில் வர வேண்டாம் என்று சொன்னவர் இவர்தான். பதினோரு வருடமாக நன்மை கொடுக்கும் நேரத்தில் அவள் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். பூ மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பீடத்துக்கு வந்துவிடும்.

"ஏங்க, இப்பிடி ஒரு கோர்ட்டு நம்ம கோயிலுக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றாள் அமுதவல்லி. "எப்பத்துலருந்து இருக்குது?"

"ரொம்ப காலமா" என்றார் சவுரியப்பன். அவளுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. செய்யக்கூடாததைச் சொன்னவர், செய்யக்கூடியதைச் சொல்லவில்லை.

பாலக்கோட்டில் அமுதவல்லி இறங்கிப் போனாள். பெரியநாயகம் சீட்டில் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, அங்க என்னத்தக் கேப்பாங்க? எனக்கு நெஞ்சு படபடங்குது."

"கல்யாணத்துக்கு அப்புறம் அவன் அடிச்சது, குடிச்சது, அதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. தாலி கட்டுன அன்னிக்கு என்ன நெலம, அதான் முக்கியம். அன்னிக்கு முடிச்சு சரியா வுழுந்துதா இல்லியான்னுதான் பாப்பாங்க."

"முடிச்சே வுழலன்னா, நாலு வருசம் எம்பொண்ணு அந்த வூட்ல எதுல மாட்டிக்கிட்டு கெடந்தா?"

சோபனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தெரிஞ்சத சொல்லும்மா, போதும்" என்றாள். "இல்லாததச் சொல்லிடாத."

சவுரியப்பன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டார். தூங்கவில்லை. தாலி கட்டுவதற்கு ஒரு மாதம் முந்தைய ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

கோயிலில் ஓலை வாசிப்பதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாமியார் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதற்கென்று அச்சடித்த படிவம் உண்டு. அப்போதிருந்த பழைய சாமியாருக்கு அன்று வெளியூரில் தியானக் கூட்டம். "உங்க பொண்ணுதானே உபதேசியாரே, நீங்களே கேட்டு எழுதிடுங்க" என்று படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பைக்கில் கிளம்பிவிட்டார். சவுரியப்பனுக்கு அது பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பெரியநாயகம் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள்.

பெயர், ஞானஸ்நானம், உறுதிபூசுதல் எல்லாம் கேட்காமலே எழுதினார். பதினோராவது கேள்வியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு இந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கிறாயா?

"இல்லப்பா" என்றாள் இருபத்திரண்டு வயது சோபனா. "எனக்கு வேணாம். அந்தாளப் பாத்தாலே பயமா இருக்குது. படிப்பு ஒரு வருசம் இருக்குது, முடிச்சிக்கறன்."

"ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிக்கணும். ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப போயி வெளையாடாத."

"ஆம்" என்று எழுதினார். அச்சுக்கோத்த மாதிரி அழகான கையெழுத்து. அடியில் அவள் கையெழுத்தைப் போட்டாள். பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் கன்னம் வீங்கித் திரும்பி வந்த அன்றும் பேசவில்லை.

மகள் அவர் பெயரைச் சாட்சியாகக் கொடுக்காததன் காரணம் அவருக்கு ஒருவழியாகப் பிடிபட்டது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். பொன்னாடை நேரத்தில் அவர் தலை குனியக்கூடாது என்று நினைக்கிறாள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எவ்வளவு நல்ல பெண்! இந்த நினைப்பே அவருக்கு தர்மபுரி வரைக்கும் ஆறுதலாக இருந்தது.

ஆயர் இல்லத்து வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச். பதினோரு மணிக்குப் பெரியநாயகத்தைக் கூப்பிட்டார்கள். வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டதும் அவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது, பரீட்சையை நன்றாக எழுதிய பிள்ளைபோல.

"நல்ல மனுசருங்க அந்த சாமி. பொறுமையாக் கேட்டாரு. உம்பொண்ணு கல்யாணம் வேணாம்னு சொன்னதா எழுதியிருக்குது, உங்கிட்ட சொல்லுச்சான்னாரு. இல்லீங்க சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலன்னன். கல்யாணத்தன்னிக்கு எப்பிடி இருந்துச்சுன்னாரு. சந்தோசமாத்தான் இருந்துச்சுங்கன்னு சொன்னன். சரியாத்தான சொன்னன் சோபனா?"

சோபனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தாம்மா சொன்ன. உனக்குத் தெரிஞ்சத சொன்ன."

சவுரியப்பனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துபோயிற்று. வழக்கு அம்மாவின் வாயாலேயே முடிந்துவிட்டது. ஓசூர்க்காரன் விசாரணைக்கு வரவே இல்லை. வேறு சாட்சி கிடையாது. கல்யாணம் செல்லும் என்று வாதாடுவதற்கென்றே அங்கே ஒரு சாமியார் உண்டு, அவருக்கு இந்த ஒரு வரி போதும். சந்தோஷமாக இருந்தாள் என்று பெற்ற தாயே சொன்னாள் என்று எழுதிவிடுவார். சோபனா மாதவராஜைக் கட்டினால் கடைசி பெஞ்ச். கட்டாவிட்டால் காலமெல்லாம் தனிக்கட்டை.

அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாமா?" என்றாள்.

சவுரியப்பன் எழுந்தார். வாசல் பக்கம் போகாமல் அந்த அறையின் கதவைத் தட்டினார்.

"அப்பா..." என்றாள் சோபனா.

"கொஞ்சம் உக்காருங்க, வந்துடறன்."

நீதிபதிச் சாமியாருக்கு அவரைத் தெரிந்திருந்தது. உபதேசியார்கள் மாநாட்டில் பார்த்திருக்கிறார். "உங்க பேரு சாட்சிப் பட்டியல்ல இல்லையே ஐயா" என்றார்.

"இல்லீங்க சாமி. இருந்திருக்கணும்."

சாமியார் வேதாகமத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சத்தியம் முடிந்ததும் கோப்பைப் புரட்டி, பழுப்பேறிய ஒரு தாளின் நகலை எடுத்தார்.

"உங்க மகள் வேண்டாம்னு சொன்னேன்னு எழுதியிருக்காங்க. யார்கிட்ட சொன்னீங்கன்னு மூணு தடவை கேட்டேன். பதிலே சொல்லல. இந்தப் படிவத்துல இருக்கிறது யாரோட எழுத்து?"

"என்னுதுங்க."

"பதினோராவது கேள்வியையும் பதிலையும் கொஞ்சம் படிங்க."

எத்தனையோ ஓலைகளை எழுத்துப் பிசகாமல் வாசித்த குரல் அது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். இன்று மேசைக்கு எதிரில் இருந்தவருக்கே கேட்கவில்லை. சாமியார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார்.

"ஆம்னு இருக்கு. அவங்க என்ன சொன்னாங்க?"

"இல்லன்னு சொல்லுச்சுங்க சாமி. பயமா இருக்குது, வேணாம்னு சொல்லுச்சு. நாந்தான் ஆம்னு எழுதுனன்."

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சிஸ்டரின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடி ஓடின.

"அப்ப உங்க மனைவி எங்க இருந்தாங்க?"

"தோட்டத்துல. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. நான் சொல்லல. பொண்ணயும் சொல்ல வுடல."

சாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் சவுரியப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னதையெல்லாம் திருப்பிப் படித்துக்காட்டி, திருத்தம் உண்டா என்று கேட்டார்.

"உண்டுங்க. 'மகளின் தயக்கத்தை அறிந்தும்'னு அடிச்சிருக்குது. தயக்கம் இல்லீங்க சாமி. மறுத்துச்சு. மறுப்புன்னு போடுங்க."

திருத்திக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

"இதோட முடிவு என்னன்னு இப்ப நான் சொல்ல முடியாது" என்றார் சாமியார். "எதிர் மனுதாரருக்கு இதைப் படிக்க உரிமை இருக்கு. ஓசூருக்குக் கடிதம் போகும். உங்க பங்குத்தந்தைகிட்டயும் நான் பேச வேண்டியிருக்கும்."

"சரிங்க சாமி."

வெளியே வந்தபோது சோபனா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாப்பா சொன்னீங்க?"

"நீ சொன்னத சொன்னன்."

அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. பெரியநாயகம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"என்னாத்த சொன்னா? யார்கிட்ட சொன்னா?"

சவுரியப்பன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார். சோபனாதான் சொன்னாள், மெதுவாக, அம்மாவின் கையை விடாமல். படிவம், பேனா, பதினோராவது கேள்வி. மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம்தான் அது. பதின்மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை.

பெரியநாயகம் புருஷனைப் பார்க்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, இந்தத் தடவை செருப்போடு நேரே போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே அவள் பேசியது வராந்தாவுக்கே கேட்டது.

"சாமி, சந்தோசமா இருந்துச்சுன்னு சொன்னன் பாருங்க, அத அடிச்சுடுங்க. எனக்குத் தெரியாதுன்னு போடுங்க. நான் எம்பொண்ண கேக்கவே இல்லீங்க சாமி. ஒருத்தருமே கேக்கல."

கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் அப்பாவும் மகளும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். சவுரியப்பனுக்கு மனசு லேசாகியிருந்தது. பஸ்ஸில் வந்த அந்த நினைப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"எம்பேர நீ ஏன் குடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. திருவிழா நேரத்துல அப்பா தல குனியக்கூடாதுன்னு..."

"அதுக்கில்லப்பா."

"பின்ன?"

சோபனா கொஞ்சம் யோசித்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கிளினிக்கில் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

"கூப்புட்டா, மறுபடியும் ஆம்னே சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டன்."

சவுரியப்பன் பையில் போன் அடித்தது. பங்குச்சாமி. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தார். எடுத்தார்.

"உபதேசியாரே, போட்டோ என்னாச்சு? பேனர்காரன் காத்துக்கிட்டு இருக்கான்!"

"அடிக்க வேணாம்னு சொல்லுங்க சாமி. சாயங்காலம் நானே வரன். ஒரு விசயம் சொல்லணும். அதக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

பேசி முடிக்கும்போது பெரியநாயகம் வெளியே வந்துவிட்டாள். முகம் கழுவியிருந்தாள். பெஞ்சில் சவுரியப்பன் பக்கம் இடம் இருந்தது. அதைத் தாண்டிப் போய் மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டே முக்காலுக்குப் பாலக்கோடு பஸ் இருக்குது" என்றார் சவுரியப்பன், யாரிடம் என்று இல்லாமல்.

பெரியநாயகம் சோபனாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவரு அதுல போவட்டும். நாம அடுத்த பஸ்ல போலாம்."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டது இதுதான் முதல் தடவை.